மோந்து பார்த்தால் தெரியுமா?

நம் வீட்டுப் பெண்கள் ஒவ்வொருவரிடமும் ஒரு பரிசோதனைச் சாலை இருக்கிறது. வேறெங்கும் இல்லை, மூக்கு நுனியில்தான்! காலையில் வைத்த சாம்பார் ராத்திரிக்குத் தாங்குமா, பால் திரியப் போகிறதா, ஊறுகாய் ஜாடியில் பூஞ்சணம் பூத்திருக்கிறதா என்பதையெல்லாம் மூடியைத் திறந்து ஒரு தடவை மோந்து பார்த்தே பாட்டி தீர்ப்புச் சொல்லிவிடுவாள். அந்தத் தீர்ப்புக்கு அப்பீல் கிடையாது. "ஊசிப் போச்சு, கொட்டிடு" என்றால் கொட்டிவிட வேண்டியதுதான்.

பாட்டியின் மூக்கைக் குறைத்துச் சொல்ல நான் வரவில்லை. வீட்டில் சமைத்த பண்டத்தைப் பொறுத்தவரை பெரும்பாலும் அது போதும். ஆனால் கடையிலிருந்து வருகிற பாக்கெட்டுகளிடமும் டின்களிடமும் அந்த மூக்கு தோற்றுப் போகிற சந்தர்ப்பங்கள் உண்டு. வாசனை நன்றாக இருக்கும். நிறம் மாறியிருக்காது. 'இந்தத் தேதிக்குள் உபயோகிக்கவும்' என்று போட்டிருக்கும் தேதிக்கு இன்னும் ஒரு மாதம் இருக்கும். உள்ளே மட்டும் கண்ணுக்குத் தெரியாத ஆசாமி ஒருவன் குடித்தனம் செய்துகொண்டிருப்பான்.

அப்படிச் சந்தேகம் எழும்போதுதான் கம்பெனியோ சர்க்காரோ, "இந்த நம்பர் போட்ட சரக்கை யாரும் சாப்பிட வேண்டாம், வாங்கிய கடையில் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்" என்று அறிவிக்கிறார்கள். 'ரீகால்' என்கிறார்களே, அதுதான். சரக்கைத் திரும்பப் பெறுவது. பத்திரிகையின் ஒரு மூலையில் நாலு வரி வரும். கல்யாண விளம்பரத்தையும் விடாமல் படிக்கிற நாம், அந்த நாலு வரியை மட்டும் தாண்டிப் போய்விடுவோம். அதன் பின்னால் எத்தனை பெரிய கதை இருக்கக்கூடும் என்பதற்குத் தென்னாப்பிரிக்காவில் நடந்ததைக் கேளுங்கள்.

சொவேட்டோவின் மத்தியானச் சாப்பாடு

தென்னாப்பிரிக்காவில் 'பொலோனி' என்று ஒரு பண்டம் உண்டு. இறைச்சியை மைபோல அரைத்து, மசாலா சேர்த்து, நீளமான உறையில் அடைத்து, தொழிற்சாலையிலேயே வேகவைத்துக் குளிரூட்டி விற்கிறார்கள். வெளியே சிவப்புத் தோல், உள்ளே ரோஜா நிறம். விலையோ மலிவு. அடுப்பு மூட்ட வேண்டாம். வில்லை வில்லையாக வெட்டி ரொட்டிக்கு நடுவில் வைத்துவிட்டால் பள்ளிக்கூடம் போகிற பிள்ளைக்கு மத்தியானச் சாப்பாடு தயார்.

ஜோஹானஸ்பர்க்கை ஒட்டியிருக்கும் சொவேட்டோவில் கால் ரொட்டியைக் குடைந்து, அதற்குள் உருளைக்கிழங்கு வறுவல், பொலோனி, அச்சார் எல்லாவற்றையும் அடைத்து 'கோட்டா' என்று விற்பார்கள். அச்சார் என்றதும் நமக்குப் பழக்கமான நெடி அடிக்கிறதல்லவா? கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேறிய நம் நாட்டு ஜனங்கள் கொண்டுபோன மாங்காய் ஊறுகாய்தான் அது.

"நாங்கள் சைவம், எங்களுக்கும் பொலோனிக்கும் என்ன சம்பந்தம்?" என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள், அம்மா! பால் பவுடருக்கும் வேர்க்கடலைக்கும் பின்னால் வருகிறேன்.

2017-ஆம் வருஷம் ஜூலை மாதம். சொவேட்டோவிலுள்ள கிறிஸ் ஹானி பாரக்வனாத் ஆஸ்பத்திரியிலும், பிரிட்டோரியாவிலுள்ள ஸ்டீவ் பிக்கோ ஆஸ்பத்திரியிலும் பச்சைக் குழந்தைகளைக் கவனிக்கிற டாக்டர்களுக்கு ஒரு விஷயம் உறுத்த ஆரம்பித்தது. பிறந்து சில நாட்களேயான சிசுக்களின் ரத்தத்தில், அபூர்வமாகவே காணப்படுகிற ஒரு கிருமி அடிக்கடி தென்பட்டது. உடனே தேசியத் தொற்றுநோய் நிலையத்துக்குத் தகவல் கொடுத்தார்கள். கிருமியின் பெயர் லிஸ்டீரியா.

இந்தப் பெயருக்கும் அந்த ஊருக்கும் பழைய உறவு உண்டு. 1927-இல், தென்னாப்பிரிக்கக் காட்டு எலி இனப் பிராணிகள் செத்து விழுவதை ஆராய்ந்துகொண்டிருந்தார் ஹார்வி பிரி என்ற டாக்டர். அப்போது கண்ட கிருமிக்கு, ரணசிகிச்சையில் கிருமி நாசத்தைப் புகுத்திய லிஸ்டர் பிரபுவின் ஞாபகார்த்தமாகப் பெயர் சூட்டினார். பிறகு 1940-இல் அதை 'லிஸ்டீரியா' என்று திருத்தி அமைத்தார். கிருமியை ஒழிக்கப் பாடுபட்ட மனிதரின் பெயரைக் கிருமிக்கே வைத்தார்கள். வேடிக்கையான மரியாதை!

இந்தக் கிருமியின் குணத்தைச் சற்றுக் கேளுங்கள். மற்றக் கிருமிகள் குளிரைக் கண்டால் ஒடுங்கிப் படுத்துவிடும். இதுவோ குளிர்ப்பெட்டிக்குள்ளேயே மெள்ள மெள்ளப் பெருகும். உறையவைத்தாலும் சாகாது, உறங்கும். நன்றாக வேகவைத்தால்தான் சாகும். உணவின் வாசனையையும் ருசியையும் மாற்றாமலே பெருகக்கூடியது. திடகாத்திரமான ஆளுக்கு இதனால் இரண்டு நாள் காய்ச்சலோ வயிற்றுப்போக்கோ வரலாம், ஒன்றும் வராமலும் போகலாம். வயோதிகர்களையும், வேறு வியாதியால் எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களையும் அது கடுமையாகத் தாக்கும். எல்லாரையும்விட அது குறிவைப்பது கர்ப்பிணிகளை. தாய்க்கு லேசான காய்ச்சலும் உடம்பு வலியுமாகத் தோன்றி மறைந்துவிடும். வயிற்றிலிருக்கிற குழந்தையை அது விடாது. கரு கலையலாம், குழந்தை இறந்து பிறக்கலாம். பிறந்தாலும் ரத்தத்திலோ மூளை உறையிலோ நோயுடன் பிறக்கலாம்.

2017 டிசம்பர் 5-ஆம் தேதி, நோய் பரவியிருப்பதைச் சுகாதார மந்திரி ஆரன் மொட்சோவலெடி பகிரங்கமாக அறிவித்தார். ஆனால் எந்த உணவிலிருந்து? அதுதான் தெரியவில்லை. நோயாளிகளைக் கேட்டுப் பார்க்கலாமே என்பீர்கள். கேட்டார்கள். சங்கடம் என்னவென்றால், லிஸ்டீரியா உடம்புக்குள் போய் எழுபது நாள் வரைகூடச் சும்மா இருந்துவிட்டுப் பிறகு தலையெடுக்கும். போன வெள்ளிக்கிழமை என்ன குழம்பு என்று கேட்டாலே நமக்குத் திகைப்பாக இருக்கிறது. இரண்டு மாதத்துக்கு முன் தின்றதை யார் சொல்வது? அப்படியும் 109 நோயாளிகளை விசாரித்ததில், 93 பேர் சமைக்காமலே சாப்பிடுகிற பதன இறைச்சியைத் தின்றதாகச் சொன்னார்கள். அவற்றில் பொலோனிதான் முதலில் நின்றது. இருந்தாலும் சந்தேகம் வேறு, சாட்சியம் வேறு அல்லவா?

சாட்சியம் ஒரு குழந்தைக் காப்பகத்திலிருந்து வந்தது. 2018 ஜனவரி 12-ஆம் தேதி, ஐந்து வயதுக்குட்பட்ட ஒன்பது குழந்தைகள் காய்ச்சலும் வயிற்றுப்போக்குமாகப் பாரக்வனாத் ஆஸ்பத்திரிக்கு வந்தார்கள். எல்லாரும் சொவேட்டோவில் ஒரே காப்பகத்துக் குழந்தைகள். "ஏதோ ஒத்துக்கொள்ளவில்லை" என்று மருந்து கொடுத்து அனுப்பியிருக்கலாம். குழந்தை டாக்டர் அப்படிச் செய்யவில்லை. ஒரே இடம், ஒரே நோய் என்றதும் உணவின்மேல் சந்தேகப்பட்டுச் சுகாதார அதிகாரிகளுக்குச் சொல்லி அனுப்பினார். அவர்கள் அன்றைக்கே காப்பகத்துக்குப் போய்க் குளிர்ப்பெட்டியைத் திறந்தார்கள். உள்ளே இரண்டு கம்பெனிகளின் பொலோனி இருந்தது. இரண்டையும் ஆராய்ச்சிச் சாலைக்கு எடுத்துப் போனார்கள். இரண்டிலும் லிஸ்டீரியா! ஒரு குழந்தையின் மலத்திலும் லிஸ்டீரியா!

அந்த நூலைப் பிடித்துக்கொண்டு பிப்ரவரி 2-ஆம் தேதி, போலக்வானே நகரத்திலிருந்த என்டர்பிரைஸ் தொழிற்சாலைக்குள் அதிகாரிகள் நுழைந்தார்கள். உலக சுகாதார ஸ்தாபனத்தின் நிபுணர்களும் உடன் போனார்கள். சுவர், தரை, இயந்திரம், குளிரூட்டும் அறை என்று முந்நூறுக்கு மேற்பட்ட இடங்களில் துடைத்து மாதிரி எடுத்தார்கள். கிருமி இருந்தால் மட்டும் போதாது, நோயாளிகளின் உடம்பிலிருந்த அதே கிருமிதானா என்று ருசுவாக வேண்டும். இதற்கு இப்போது ஒரு வழி இருக்கிறது. கிருமியின் மரபணு முழுவதையும் படித்து, ஜாதகப் பொருத்தம் பார்ப்பதுபோலக் கட்டத்துக்குக் கட்டம் ஒப்பிட்டுவிடுகிறார்கள். நோயாளிகளில் பத்தில் ஒன்பது பேரிடம் கண்ட வகைக்கு 'எஸ்.டி. 6' என்று பெயர். தொழிற்சாலையில் கிடைத்ததும் எஸ்.டி. 6. அச்சு அசலாகப் பொருந்தியது.

2018 மார்ச் 4, ஞாயிற்றுக்கிழமை மந்திரி செய்தியை வெளியிட்டார். சரக்கைத் திரும்பப் பெறக் கம்பெனிகளுக்கு உத்தரவு போயிற்று. மறுநாள் கடைகளில் குளிர் அலமாரிகள் காலியாகக் கிடந்தன. ஜனங்கள் பைகளில் பொலோனியைப் போட்டுக்கொண்டு வரிசையில் நின்றார்கள். பக்கத்து நாடுகள் இறக்குமதியை நிறுத்தின. டன் கணக்கில் உணவு அழிக்கப்பட்டது.

நோய் ஓய்ந்துவிட்டதென்று அந்த வருஷம் செப்டம்பரில் அறிவிக்கும்போது கணக்கு இதுதான்: நோயுற்றவர்கள் 1,060 பேர், இறந்தவர்கள் 216 பேர். லிஸ்டீரியாவினால் உலகில் இதுவரை பதிவான நோய்ப் பரவல்களில் இதுவே பெரியது. நோயாளிகளில் ஏறக்குறையப் பாதிப் பேர் கர்ப்பிணிகளும் பச்சைக் குழந்தைகளும். இரண்டு ரொட்டித் துண்டுக்கு நடுவில் ஒரு வில்லை. அதைத் தின்ற தாய் என்ன குற்றம் செய்தாள்? நஷ்டஈட்டு வழக்கு வருஷக் கணக்கில் நீண்டது.

வேகவைத்த பண்டத்தில் எப்படிக் கிருமி வந்தது என்ற கேள்வி உங்களுக்கு எழுந்திருக்கும். எழ வேண்டிய கேள்விதான். வேகும்போது கிருமி செத்துவிட்டது. வெந்தபின் பண்டம் ஆறவைக்கும் இடத்துக்கும் கட்டும் இடத்துக்கும் போகிறதே, அந்தப் பகுதியில்தான் கிருமி கண்டுபிடிக்கப்பட்டது. ஈரமான தரை இடுக்கிலும், சாக்கடைத் துவாரத்திலும், இயந்திரத்தின் பல்லிலும் பிசின்போல் படலம் கட்டிக்கொண்டு லிஸ்டீரியா மாதக் கணக்கில் தங்கிவிடும். நம் வீட்டில் சோறு வடித்தபின் அழுக்குக் கரண்டியை அதில் போட்டால் என்ன ஆகும்? அதே சமாசாரம்தான், ஆயிரம் மடங்கு பெரிதாக.

திரும்பாமல் போன டின்கள்

பிரான்ஸ் தேசத்துக் கதை வேறு மாதிரி. அங்கே லாக்டாலிஸ் என்ற பெரிய பால் கம்பெனியின் க்ரான் தொழிற்சாலையில் செய்த குழந்தைப் பால் பவுடரைக் குடித்த கைக்குழந்தைகளுக்கு 2017 கடைசியில் வயிற்றுப்போக்கும் காய்ச்சலும் வந்தன. இந்தத் தடவை கிருமி சால்மொனெல்லா. முப்பதுக்கு மேற்பட்ட குழந்தைகள் அவதிப்பட்டார்கள். நல்ல வேளையாக உயிருக்கு ஆபத்தில்லை. டிசம்பரில் சரக்கைத் திரும்பப் பெற உத்தரவாயிற்று. முதலில் சில தொகுதிகள், பிறகு இன்னும் சில, கடைசியில் அந்தத் தொழிற்சாலையில் செய்தது அனைத்தும் என்று விரிந்துகொண்டே போனது. 83 நாடுகள், ஒரு கோடியே இருபது லட்சம் பெட்டிகள்!

இதில் என்னைத் திகைக்கவைத்தது வேறொன்று. உத்தரவு பிறந்து, பத்திரிகைகளில் கொட்டை எழுத்தில் வந்து, மந்திரி பேசி முடித்த பிறகும் அந்த டின்கள் பெரிய பெரிய கடைகளில் விற்பனையாகிக்கொண்டிருந்தன. மருந்துக்கடைகளில் இருந்தன. ஆஸ்பத்திரிகளிலும் குழந்தைக் காப்பகங்களிலும்கூட இருந்தன. கிட்டங்கியிலிருந்து அலமாரிக்கு வருகிற வழி எல்லாருக்கும் தெரிந்திருந்தது. அலமாரியிலிருந்து திரும்பிப் போகிற வழி யாருக்கும் சரியாகத் தெரியவில்லை போலும்! அதைவிட மோசம், அதே தொழிற்சாலையின் பாலால் 2005-இலும் நூற்றுக்கு மேற்பட்ட குழந்தைகள் நோயுற்றிருந்தார்கள். அப்போது அது வேறு முதலாளியிடம் இருந்தது. இரண்டு காலத்துக் கிருமிகளையும் ஒப்பிட்ட பாஸ்டர் நிலையத்தார், பன்னிரண்டு வருஷம் அது அந்தக் கட்டிடத்தைவிட்டுப் போகவே இல்லை என்று முடிவுகட்டினார்கள். முதலாளி மாறினார், குடித்தனக்காரன் மாறவில்லை.

கைக்குழந்தைக்கு டாக்டர் சொல்லிப் புட்டிப்பால் கொடுக்கிற தாய்மார்கள் இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். டின் புதிதாக இருந்தாலும் பால் பவுடர் அடியோடு கிருமியற்ற பொருள் அல்ல. ஆகையால் உலக சுகாதார ஸ்தாபனம் சொல்கிற முறை இது: தண்ணீரைக் கொதிக்கவைத்து, அரை மணிக்கு மேல் ஆறவிடாமல், 70 டிகிரிக்குக் குறையாத சூட்டிலேயே பவுடரைக் கரைக்க வேண்டும். பிறகு புட்டியைக் குளிர்ந்த தண்ணீரில் பிடித்து, குழந்தைக்கு ஏற்ற வெதுவெதுப்புக்குக் கொண்டுவர வேண்டும். புறங்கையில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்துக் கொடுக்கலாம். இரண்டு மணி நேரத்துக்குள் குடிக்காத பாலை எடுத்து வைக்கவே கூடாது. வெதுவெதுப்பான தண்ணீரிலேயே கரைத்துவிடுகிற வழக்கம் நம்மில் பலருக்கு இருக்கிறது. பவுடரில் கிருமி இருந்தால் அந்தச் சூட்டில் அது சாகாது.

வேர்க்கடலைக்கு வருகிறேன் என்றேனல்லவா? அமெரிக்காவில் ஜார்ஜியா மாகாணத்து பிளேக்லி என்ற சிற்றூரில் ஒரு கடலைத் தொழிற்சாலை. அங்கே அரைத்த கடலை வெண்ணெயும் கடலை விழுதும் நூற்றுக் கணக்கான கம்பெனிகளுக்குப் போய், பிஸ்கோத்தாகவும் ஐஸ்கிரீமாகவும் மிட்டாயாகவும் மாறிக் கடைக்கு வரும். 2008, 2009-இல் அதனால் 46 மாகாணங்களில் 714 பேர் நோயுற்றார்கள், ஒன்பது பேர் இறந்தார்கள். மினசோட்டாவில் ஒரு முதியோர் இல்லத்தில் திறந்து வைத்திருந்த கடலை வெண்ணெய் டப்பாதான் துப்புக் கொடுத்தது. கடலையை வறுக்கும்போது சால்மொனெல்லா செத்துவிடும். வறுத்த கடலையின்மேல் ஒழுகுகிற கூரைத் தண்ணீர் சொட்டினால்? மறுபடி வந்து ஒட்டிக்கொள்ளும், எண்ணெய்ப் பசைக்குள் மாதக் கணக்கில் உயிரோடிருக்கும். ஏறக்குறைய நாலாயிரம் தினுசுப் பண்டங்களைத் திரும்பப் பெற வேண்டி வந்தது. நாய்ப் பிஸ்கோத்துகூட மிச்சமில்லை.

2009 பிப்ரவரியில் முதலாளி ஸ்டூவர்ட் பார்னெலை அமெரிக்கப் பிரதிநிதிகள் சபைக் கமிட்டியின் முன் நிறுத்தினார்கள். சபை அங்கத்தினர் ஒருவர், அவருடைய சரக்கைக் கொண்ட பண்டங்களை ஒரு ஜாடியில் போட்டு, எச்சரிக்கை நாடாவைச் சுற்றி எடுத்து வந்திருந்தார். இதில் ஒன்றை எடுத்துச் சாப்பிடுகிறீர்களா என்று கேட்டார். பார்னெல் பதில் சொல்ல மறுத்துவிட்டார். பரிசோதனையில் கிருமி என்று தெரிந்தும் போலி அத்தாட்சி வைத்துச் சரக்கு அனுப்பியது பின்னால் வழக்கில் வெளிவந்தது. 2015-இல் அவருக்கு 28 வருஷச் சிறை.

ஹார்லிக்ஸ் பாட்டிலில் மறைந்த நம்பர்

நம் ஊரில் ரீகால் என்றதும் எல்லாருக்கும் 2015-ஆம் வருஷத்து நூடில்ஸ் விவகாரம்தான் ஞாபகம் வரும். அது ஈயத்தைப் பற்றிய வழக்கு, கிருமியைப் பற்றியதல்ல. அந்தத் தடையும் பிறகு பம்பாய் ஹைகோர்ட்டில் ரத்தாயிற்று. ஆனால் சட்டம் இருக்கிறது. 2006-ஆம் வருஷத்து உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 28-வது பிரிவு, தன் சரக்கு கெடுதலானது என்று தெரிந்தால் உற்பத்தியாளர் அதைத் திரும்பப் பெற்றாக வேண்டும் என்கிறது. அதற்கான விதிமுறைகள் 2017-இல் வந்தன.

சட்டம் கடை வரைக்கும் வரலாம். நம் வீட்டு அலமாரிக்குள் வருவது நம் கையில்தான் இருக்கிறது. நாம் என்ன செய்கிறோம்? பாக்கெட்டை வாங்கி வந்ததும் வாயைக் கத்தரித்து, உள்ளிருப்பதைப் பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலில் கொட்டி, கவரைக் குப்பைத் தொட்டியில் போட்டுவிடுகிறோம். நானும் அப்படித்தான் செய்துவந்தேன். அடுக்கி வைத்தால் பார்க்க அழகு! ஆனால் "இன்ன நம்பர் தொகுதி" என்று அறிவிப்பு வரும்போது நம்முடையது அந்த நம்பர்தானா என்று எதைப் பார்த்துச் சொல்வது? கவரில் பதினான்கு இலக்கத்தில் ஒரு லைசென்ஸ் எண் இருக்கும். அது கம்பெனியின் அடையாளம். அதைக்கொண்டு தொகுதியைக் கண்டுபிடிக்க முடியாது. வேண்டியது 'பாட்ச் நம்பர்'. செய்த தேதிக்குப் பக்கத்தில் மங்கலாகக் குத்தியிருப்பார்களே, அது. அந்தத் துண்டை மட்டும் கத்தரித்துப் பாட்டிலின்மேல் ஒட்டிவிட்டால் ஆயிற்று. என் வீட்டில் இதற்குக் கொஞ்சம் கேலி கிடைத்தது. "பாட்டிலுக்கெல்லாம் நெற்றிப் பட்டம் கட்டியாச்சா?" என்றார்கள். இப்போது கவரைப் பிரித்தால் அவர்களே கத்தரிக்கோலைத் தேடுகிறார்கள்.

ஒரு விதத்தில் நம் சமையல் நம்மைக் காப்பாற்றிக்கொண்டுதான் வந்திருக்கிறது. பால் பாக்கெட்டைப் பொங்கக் காய்ச்சாமல் நாம் தொடுவதில்லை. கொதிக்கிற குழம்பிலும் ஆவி பறக்கிற இட்லியிலும் லிஸ்டீரியா பிழைக்காது. ஆனால் பட்டணத்து வீடுகளில் இப்போது சாஸேஜும் சீஸும் வெட்டிவைத்த பழங்களும் குளிர்ப்பெட்டியிலிருந்து நேரே வாய்க்குப் போகின்றன. வீட்டில் கர்ப்பிணிப் பெண் இருந்தால், பாக்கெட் இறைச்சி வகைகளை ஆவி பறக்கச் சூடாக்கியே கொடுங்கள். காய்ச்சாத பாலில் செய்த சீஸ் வேண்டாம். அவளுக்குக் காரணமில்லாமல் காய்ச்சல் வந்தால், "மசக்கைக் காலத்தில் எல்லாம் வரும்" என்று கஷாயம் போட்டுக் கொடுத்துவிட்டு இருந்துவிடாமல், டாக்டரிடம் கூட்டிப் போங்கள். காலத்தில் கண்டுபிடித்தால் சாதாரண ஆன்டிபயாடிக் மருந்திலேயே கேட்கிற நோய் இது. பருத்துப்போன டின்னையும், மூடி உப்பிய பாட்டிலையும் திறந்து பார்க்கவே வேண்டாம். அது வேறு கிருமியின் வேலை, இதைவிடக் கொடியது.

திரும்பப் பெறும் அறிவிப்பு வந்த பண்டம் வீட்டிலிருந்தால், பாதி தின்றாயிற்று, ஒன்றும் ஆகவில்லையே என்று மீதியைத் தீர்த்துவிடத் தோன்றும். காசு கொடுத்து வாங்கியதாயிற்றே! தென்னாப்பிரிக்காவிலும் அப்படி நினைத்தவர்கள் இல்லாமல் இருக்க மாட்டார்கள். அங்கே டாக்டர்கள் சொன்னது, அதைத் தனியாக ஒரு பிளாஸ்டிக் பையில் கட்டிக் கடைக்குக் கொண்டுபோங்கள், பிறகு குளிர்ப்பெட்டியின் உட்புறத்தைக் கிருமிநாசினி கலந்த தண்ணீரால் துடையுங்கள் என்பதுதான்.

அப்போது என்டர்பிரைஸ் தொழிற்சாலைக்குச் சொந்தக்காரர்களாக இருந்த டைகர் பிராண்ட்ஸ் கம்பெனியாரைப் பற்றி இன்னும் ஒரு செய்தி. 2021 ஜூலையில் அவர்களுடைய 'கூ' காய்கறி டின்களில் சிலவற்றின் பக்கவாட்டு ஒட்டில் நுண்ணிய கசிவு தென்பட்டது. டின்கள் வேறொருவர் செய்து கொடுத்தவை. சோதித்ததில் பழுதானவை விரல்விட்டு எண்ணுகிற அளவுதான். அந்தக் கசிவின் வழியாகக் கிருமி உள்ளே போகக்கூடும் என்ற சந்தேகம் ஒன்றுக்காகவே, ஏறக்குறைய இரண்டு கோடி டின்களைத் திரும்பக் கேட்டார்கள். கொண்டுவந்து கொடுத்தவர்களுக்கு முழு விலையும் திருப்பிக் கொடுக்கப்பட்டது. குடும்பத் தலைவிகள் சமையலறை அலமாரியில் இருந்த டின்களை ஒவ்வொன்றாக எடுத்துத் திருப்பி, அதில் பொறித்திருந்த தேதியைப் பார்த்தார்கள். 2019 மே 1-ஆம் தேதிக்கும் 2021 மே 5-ஆம் தேதிக்கும் இடையில் செய்தவையென்றால் கடைக்குப் போக வேண்டியவை. மற்றவை மறுபடி அலமாரிக்குப் போயின.